டிரம்மிலேயே பிடிக்க வேண்டிய குரோமியம்

வணக்கம் நேயர்களே. ராணிப்பேட்டை சிப்காட் பகுதியை அறிந்தவர்களுக்கு அங்கே கிடக்கும் குரோமியக் கழிவு மேட்டைப் பற்றியும் தெரிந்திருக்கும். சோடியம் டைகுரோமேட்டும் தோல் பதனிடும் குரோம் உப்பும் தயாரித்த ஆலை ஒன்று 1990களில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு அங்கேயே தங்கிவிட்டது. மழை பெய்தால் அதிலிருந்து மஞ்சள் நீர் கசியும். ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் கரைந்து வருவதால்தான் அந்த நிறம். அது புற்றுநோயை உண்டாக்கக் கூடியது, நிலத்தடி நீரோடு நகர்ந்து போகவும் கூடியது.

அந்த மேட்டைச் சுத்தம் செய்வது பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இன்று நான் பேச வந்தது அதே உலோகம் வந்துசேரும் இன்னோர் இடத்தைப் பற்றி. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் உள்ள டேனரிகளின், அதாவது தோல் பதனிடும் ஆலைகளின், டிரம்களைத்தான் சொல்கிறேன்.

டிரம்மில் தோலோடு குரோம் உப்புப் பவுடரைப் போட்டுச் சுழற்றுகிறார்கள். வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் ஏறத்தாழ 60 முதல் 70 சதவீதத்தைத்தான் தோல் பிடித்துக்கொள்கிறது. மீதி பச்சை நீராக வெளியே வருகிறது. அது மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம், மஞ்சள் நீரில் இருப்பதைப் போல அவ்வளவு கொடியது அல்ல. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சரக்கு அது!

அதை மீட்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. முதலில் வடிகட்டி, தோல் நாரையும் கொழுப்பையும் நீக்க வேண்டும். பிறகு மெக்னீசியம் ஆக்சைடைத் தூவிக் கலக்க வேண்டும். அமிலத்தன்மை குறையக் குறைய, குரோமியம் ஹைட்ராக்சைடாக மாறி அடியில் படியும். சுண்ணாம்போ சோடாவோ போட்டாலும் படியத்தான் செய்யும், ஆனால் பஞ்சு போல உப்பி, இறங்க வெகுநேரம் எடுக்கும். மெக்னீசியம் ஆக்சைடு போட்டால் குருணையாக, கெட்டியாக இறங்கும். மேலே நிற்கும் தெளிந்த நீரை வடித்துவிட்டு, அடியில் உள்ளதைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மறுபடியும் குரோம் சல்பேட். புதிய குரோமோடு கலந்து அடுத்த டிரம்முக்கே அனுப்பலாம். சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இந்த முறைக்காகப் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

இதில் இன்னொரு லாபம் உண்டு, அதைப் பலர் கவனிப்பதில்லை. புதிய குரோம் உப்பு எப்படி வருகிறது? ஒடிசாவின் சுகிந்தா போன்ற இடங்களில் தோண்டும் குரோமைட் தாதுவைச் சோடா சாம்பலோடு சூளையில் வறுக்கிறார்கள். அங்கேதான் அந்த ஆறு இணைதிறன் நஞ்சு பிறக்கிறது. பிறகு வெல்லப்பாகுக் கழிவு போன்றவற்றைச் சேர்த்து அதை மூன்று இணைதிறனுக்குக் கொண்டுவருகிறார்கள். டிரம் நீரிலிருந்து மீட்கும் குரோமியமோ ஏற்கெனவே மூன்றில்தான் இருக்கிறது. அந்தச் சூளைப் பக்கம் அது போகவே வேண்டாம். ராணிப்பேட்டையில் குவிந்தது அந்தச் சூளை வழியில் வந்த கழிவுதான்.

சரி, சிக்கல் எங்கே? குரோம் நீரை மற்றக் கழிவுநீரோடு கலந்துவிட்டால் கதை முடிந்தது. சுண்ணாம்பு, உப்பு, மயிர், கொழுப்பு எல்லாம் சேர்ந்து, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் யாருக்கும் வேண்டாத சேறாகிறது. அந்தச் சேற்றைச் செங்கல்லில் கலந்து சுடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. சுண்ணாம்பும் காற்றும் சேர்ந்த சூட்டில் மூன்று இணைதிறன் குரோமியம் மறுபடியும் ஆறாகிவிடும். குரோமில் பதனிட்ட தோலைச் சீவும்போது விழும் சீவலைத் திறந்தவெளியில் எரிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. சீவலைத் தோல் அட்டையாக்கிச் செருப்பின் உள்ளடிக்குப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல்.

ஆகவே முதல் வேலை, குரோம் நீருக்குத் தனி வாய்க்கால். சின்ன டேனரிக்குச் சொந்தமாக மீட்புத் தொட்டி கட்ட முடியாது என்பது நியாயமான பேச்சுதான். இத்தாலியில் சான்டா குரோச்சே என்ற தோல் நகரத்திலும் சிறிய டேனரிகள்தான் அதிகம். அங்கே 1980களிலிருந்து பொதுவான மீட்பு நிலையம் ஒன்று இயங்குகிறது. டேனரிகளின் குரோம் நீர் அங்கே போகிறது, மீட்ட குரோம் சல்பேட் அதே டேனரிகளுக்குத் திரும்பி வருகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் டேனரிகள் அடுத்தடுத்துத்தான் இருக்கின்றன. செலவைப் பங்கிட்டு, பொதுவான மீட்பு நிலையத்தையும் டேங்கர் லாரிகளையும் ஏற்பாடு செய்ய உரிமையாளர் சங்கங்களால் முடியும். நேயர்களில் டேனரி நடத்துபவர்கள் இருந்தால், அடுத்த சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.