பாகெசன்: இரண்டு மொழிகளுக்கு நடுவே ஒரு கவிஞர்

நண்பர்களே, 1791 ஜூன் மாதம். டென்மார்க்கில் ஹெலேபெக் என்ற கடற்கரை ஊருக்கு ஒரு சிறு கூட்டம் கிளம்புகிறது. ஜெர்மன் கவிஞர் ஷில்லரின் ‘மகிழ்ச்சிப் பாட’லை அங்கே கூடிப் பாட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நேரம் பார்த்து ஷில்லர் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆனாலும் போனார்கள். கொண்டாட்டப் பாட்டே ஒப்பாரியானது. கூட்டத்தில் இருந்த 27 வயது டேனிஷ் கவிஞர் ஒருவர், ‘மறைந்த நம் நண்பன் வாழ்க’ என்று தானே ஒரு சரணம் கட்டிச் சேர்த்தார். அவர்தான் யென்ஸ் பாகெசன்.

வேடிக்கை என்னவென்றால், ஷில்லர் சாகவில்லை! நோயில் கிடந்தார், கையில் காசில்லை. பாகெசன் வழியாக இதை அறிந்த அமைச்சர் ஷிம்மெல்மானும் ஆகஸ்டன்போர்க் இளவரசரும் வருடத்துக்கு 1,000 தாலர் (அக்கால வெள்ளி நாணயம்) வீதம் 3 வருடம் தர முன்வந்தார்கள். அழகியல் பற்றிய ஷில்லரின் புகழ்பெற்ற கடிதங்கள் முதலில் அந்த இளவரசருக்கு எழுதப்பட்டவைதான். பாகெசன் செய்த பெரிய காரியம் இதுவே என்றுகூட எனக்குச் சில சமயம் தோன்றும்.

அவருடைய சொந்தக் கதை இவ்வளவு சுமுகமில்லை. 1764-இல் டென்மார்க்கின் கோர்சோர் என்ற ஊரில் ஏழை வீட்டில் பிறந்தார். 21 வயதில் நகைச்சுவைக் கதைப்பாடல்களால் பெயர் வாங்கினார். 1789-இல் ‘ஹோல்கர் டான்ஸ்கே’ என்ற ஓபராவுக்குப் பாட்டெழுதினார். நாயகன் டேனிஷ் வீரன், இசையமைத்தவர் ஜெர்மானியர். ‘இது நம்முடையதா, ஜெர்மன்காரர்களுடையதா?’ என்று கோபன்ஹேகனில் பெரிய சண்டை. அதே வருடம் ஐரோப்பா சுற்றக் கிளம்பிவிட்டார். அந்தப் பயணம்தான் ‘லாபிரிந்தென்’ என்ற அருமையான உரைநடை நூலானது. ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் மீதிருந்த பக்தியில் ‘இம்மானுவேல்’ என்ற பெயரைத் தன் பெயரோடும் சேர்த்துக்கொண்டார். 1803-இல் ஆல்ப்ஸ் மலையைப் பாடி ‘பார்த்தெனாயிஸ்’ என்று ஜெர்மனில் ஒரு காவியம். அப்புறம் ஊர் திரும்பி, இளைய கவிஞர் ஊலென்ஷ்லேகருடன் வருடக்கணக்கில் எழுத்துச் சண்டை. அதை விடுவோம்.

இத்தனை எழுதியும் டேனிஷ்காரர்கள் நெஞ்சில் நின்றது ஒரு சின்னக் கவிதை. ‘நான் மிகச் சிறியவனாய் இருந்த காலம் ஒன்று உண்டு; உடம்பு முழுக்க ஒரே முழம்’ என்று தொடங்கும். டேனிஷ் முழம் நம் முழத்தைவிடப் பெரியது, ஏறக்குறைய 63 செ.மீ. அப்படியும் கைக்குழந்தை அளவுதான்.

1826-இல் டென்மார்க்குக்குத் திரும்பும் வழியில் ஹாம்பர்கில் இறந்தார். கீல் நகரில் புதைத்தார்கள். ஜெர்மன் பேசுகிற அந்த ஊரில்தான் அவர் முன்பு டேனிஷ் பேராசிரியராக இருந்தார். அன்று அது டேனிஷ் மன்னரின் ஆட்சியில் இருந்தது. இன்று ஜெர்மனியில் இருக்கிறது.