விடுங்கய்யா என்னை!

நேயர்களுக்கு வணக்கம்.

மனிதனை மனிதன் கொல்லாமல் இருப்பது எதனால் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். காப்பியும் கையுமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் திருநெல்வேலிச் சீமையில் வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து தாசில்தாராக ஓய்வு பெற்றவன். கோயில் கொடைக்குச் சப்பரம் எந்தத் தெரு வழியாகப் போவது என்பதில் ஆரம்பித்து, சுடுகாட்டுப் பாதை வரைக்கும் எத்தனையோ சமாதானக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கூப்பிட்டார்கள் போல.

வெளியூர்க்காரர்களுக்கு நம் ஊர் என்றால் அல்வா, அடுத்தது அரிவாள். நம் கிராமங்களில் அரிவாள் இல்லாத வீடு கிடையாதுதான். வாழைத்தார் வெட்ட, முள் கழிக்க, இளநீர் சீவ வேண்டாமா? எரவாணத்தில் செருகிக் கிடக்கும். அதே வீடுகளில் வரப்புத் தகராறும் பங்காளிச் சண்டையும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனாலும் அரிவாள் பெரும்பாலும் செருகின இடத்திலேயே கிடக்கிறது. நடந்த கொலைக்குக் காரணம் எழுதப் போலீஸ் இருக்கிறது. நடக்காமல் போனதற்கு யாரும் காரணம் எழுதுவதில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு சண்டையைக் கவனித்துப் பாருங்கள். “விடுங்கய்யா என்னை, இன்னைக்கு இவனை ரெண்டுல ஒண்ணு பாத்துடுதேன்” என்று ஒருவன் துள்ளுவான். நாலு பேர் அவனைப் பிடித்திருப்பார்கள். பிடி ஒன்றும் அப்படி இறுக்கமாக இருக்காது; பலமாக உதறினால் விட்டுப்போகும். அவன் அவ்வளவு பலமாக உதற மாட்டான். யாரும் பிடிக்காமல் போனால்தான் அவனுக்குத் தர்மசங்கடம். அத்தனை சத்தம் போட்ட பிறகு போய் அடித்தாக வேண்டுமே! அந்த நாலு பேரும் இவன் மானத்தையும் எதிராளியின் உசிரையும் ஒரே பிடியில் காப்பாற்றிவிடுகிறார்கள்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. பிரிட்டனில் லங்காஸ்டர், நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களில் தெருச் சண்டைகள் பதிவான 219 கேமராக் காட்சிகளைச் சில ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். பத்துக்கு ஒன்பது சண்டைகளில், அக்கம்பக்கத்தில் நின்ற ஒருவராவது உள்ளே புகுந்து விலக்கவோ தேற்றவோ செய்திருக்கிறார். ஆள் கூடக் கூட, யாராவது ஒருவர் வந்து தடுப்பதும் கூடுகிறது. வேடிக்கை பார்க்கிற கூட்டம் என்று நாம் திட்டுகிற கூட்டம்தான் இது.

சட்டம் தடுக்காதா என்பீர்கள். கொலைக்கு முந்நூற்றி ரெண்டாம் பிரிவு என்றால் பள்ளிக்கூட வாசல் மிதிக்காத பாட்டிக்கும் தெரியும். 2024 ஜூலை முதல் அது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகிவிட்டது. எனக்கு இன்னும் நாக்கு பழகவில்லை. ஆயுள் தண்டனை, தூக்கு என்பதெல்லாம் கணக்குப் போடுகிற தலைக்குத்தான் உறைக்கும். ஆத்திரத்தில் இருப்பவனுக்குக் கணக்கு ஓடாது. திட்டம் போட்டு வருகிறவன் தண்டனையையும் செலவில் எழுதிக்கொண்டுதான் வருகிறான். 2024 டிசம்பர் 20 அன்று பாளையங்கோட்டையில் மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே பட்டப்பகலில் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். சட்டத்துக்கு அதைவிடப் பக்கத்தில் எங்கே போய் நிற்பது?

நானும் நிர்வாக நடுவராக, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஆம் பிரிவில், ‘ஒரு வருஷம் சமாதானமாக இருப்பேன்’ என்று பலரிடம் பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறேன். நான் பார்த்த அளவில், பத்திரத்தைவிடக் கூட வந்து கையெழுத்துப் போடுகிற ஜாமீன்தாரர்தான் வேலை செய்வார். “எம் பேரைக் கெடுத்துடாத மாப்ளே” என்று படியிறங்கும்போது சொல்வார் பாருங்கள், அந்தப் பிடி வேறு.

சரி, பிடிக்க ஆளே இல்லாத இடத்தில்?

கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் ஒரு கிராமம். பிசானப் பருவ நெல், கதிர் வெளிவரும் முன், பொதியில் நிற்கிற சமயம், ராத்திரி முறைத் தண்ணீர். ஒருவர் திறந்துவிட்ட மடையை இன்னொருவர் அடைத்துவிட்டார். இருவரும் பங்காளிகள், கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. வயல்காட்டில் வேறு ஒரு ஈ காக்கை இல்லை. மூத்தவர் மண்வெட்டியை ஓங்கிவிட்டார். கீழே சேற்றில் விழுந்து கிடந்தவன், பல வருஷமாக அவரைப் பார்த்துச் சொல்லாத சொல்லை, பயத்தில் சொல்லிவிட்டான்: “அண்ணே!”

மறுவாரம் விசாரணைக்குப் போன என்னிடம் மூத்தவர் இதை அவமானம் போலச் சொன்னார். “கூப்புட்டுட்டாம்லா சார். அப்புறம் எப்படி வெட்ட?”

நான் கேட்ட விளக்கங்களில் எனக்குத் திருப்தியாக இருந்தது இதுதான். கையால் பிடிப்பது போலவே முறை சொல்லிக் கூப்பிடுவதும் ஒரு பிடி.

ஆனால் அந்தச் சொல்லை நாம் எல்லாருக்கும் கொடுத்து வைக்கவில்லை. எழுபது வயதுக் கிழவரைப் பத்து வயதுப் பிள்ளை பேர் சொல்லி ‘ஏலே’ போட்டுக் கூப்பிட்டதை நானே கேட்டிருக்கிறேன். கிழவர் எந்தத் தெருக்காரர் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்பு நேர்ந்து கட்டுகிறோம். அந்த முத்துப்பட்டன் யார்? பிராமணனாகப் பிறந்து, பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கப் படித்து, செருப்புத் தைக்கும் சாதிக்காரரான வாலப்பகடையின் பெண்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டி, அவரை மாமனாராகக் கொண்டவன். மாடு களவாட வந்தவர்களோடு சண்டை போட்டு உயிரை விட்டவன். வில்லுப்பாட்டில் விடிய விடிய அவன் கதையைக் கேட்டு அழுதுவிட்டு, விடிந்ததும் பழைய ‘ஏலே’தான்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதிப் பகையில் பன்னிரண்டாம் வகுப்புப் பையனை, ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். நல்லவேளை, உயிர் தப்பினான். குறுக்கே பாய்ந்தது அவன் தங்கை. அவளுக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் சாதிக்கொரு கலரில் கயிறு கட்டக் கூடாது என்பதும் அதில் ஒரு பரிந்துரை. கயிற்றை அறுத்துவிடலாம், கத்தரிக்கோல் போதும். எனக்குப் பயமெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிற பெரியவர்களைப் பற்றித்தான். பஸ் ஸ்டாண்டில் முன்பின் தெரியாத ஆளைக்கூடப் பிடித்து நிறுத்துகிறவர்கள், சாதி என்று வந்ததும் சொந்தப் பிள்ளையிடம் “விடாதலே” என்கிறார்கள். சமாதானக் கூட்டங்களில் என் மேஜைக்கு எதிரே அப்படிப்பட்டவர்கள், வெள்ளைவேட்டி கசங்காமல், உட்கார்ந்திருந்ததுண்டு.

அந்தப் பங்காளிகளைப் பற்றி மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டிப்பிடித்துச் சமாதானமானார்கள் என்று நினைக்க வேண்டாம். அதற்கப்புறமும் பேச்சுவார்த்தை கிடையாது. இந்தப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருப்பதும் நம் ஊரில் பெரிய ஏற்பாடு. எதிரே வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. துஷ்டிக்கு, அதாவது சாவுக்கு மட்டும், சொல்லாமலே வருவார்கள். வெட்டுக்கும் உறவுக்கும் நடுவில் முப்பது வருஷம்கூட உட்கார்ந்திருக்கக்கூடிய திண்ணை அது.

மூத்தவர் போன வருஷம் தவறிவிட்டார். போயிருந்தேன். இளையவர் வாசலில் நின்று, பந்தல்காரரிடம் நாற்காலிகளை எண்ணி இறக்கிக்கொண்டிருந்தார். யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நன்றி, வணக்கம்.