டெல்ப்ட்டிலிருந்து டெல்ப்ட்டுக்கு

நேயர்களுக்கு வணக்கம்.

நான் நெடுந்தீவில் பிறந்தவன். குறிகட்டுவானில் படகுக்குக் காத்து நிற்கிற சனம் நெடுந்தீவு என்றுதான் சொல்லும். அரசாங்கக் கடிதம் வந்தால் அதிலே டெல்ப்ட் என்று இருக்கும். சின்ன வயதில் இவை இரண்டும் இரண்டு ஊர் என்றும், எங்களுக்கு வரவேண்டிய கடிதங்கள் பாதி அந்த மற்ற ஊருக்குப் போய்விடுகின்றன என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், யாழ்ப்பாணத்தைப் பிடித்தது 1658இல். பிடித்த கையோடு எங்கள் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். வேலணைக்கு லெய்டன், காரைதீவுக்கு அம்ஸ்ரர்டாம், புங்குடுதீவுக்கு மிடல்பேர்க், நயினாதீவுக்கு ஹார்லெம், அனலைதீவுக்கு ரொட்டர்டாம், எழுவைதீவுக்கு ஹோர்ன். நயினாதீவு நாகபூசணி அம்மன் ஹார்லெமில் குடியிருந்தாள் என்று சொன்னால் இப்போது யார் நம்புவார்கள்? அந்தப் பெயர்களெல்லாம் உப்புக்காற்றில் உதிர்ந்துபோயின. எங்கள் தீவில் மட்டும் அது ஒட்டிக்கொண்டது. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்று நான் சொல்ல வந்தது என் கதை இல்லை, என் பள்ளிக்கூட நண்பனுடைய கதை. அவன் ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர் குடும்பத்துப் பிள்ளை. யாழ்ப்பாணப் பட்டணத்தில் வீடு. வீட்டுக்குள்ளே ஆங்கிலம், படி இறங்கினால் எங்களைவிட நல்ல தமிழ். 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்த பிறகு பறங்கியர் குடும்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறின. இவர்கள் கொஞ்சம் பிந்திப் போனார்கள். ஐம்பது வருடம் கழித்து மெல்பேர்னிலிருந்து ஒரு நாள் தொலைபேசியில் கூப்பிட்டான். "மச்சான், எங்கட ஆட்கள் மிடல்பேர்க்காம். போய்ப் பாப்பம், வாறியா?"

என் மகள் இருப்பது நெதர்லாந்தில், டென் ஹாக் நகரத்தில். தங்க இடம் உண்டு. அதனால் போனேன்.

அவனிடம் இருந்த சான்று ஒரேயொரு தாள். பழைய வேதாகமத்தின் முன்பக்கம். அதிலே முப்பாட்டனுக்கும் முப்பாட்டனுடைய பெயர், பக்கத்தில் மிடல்பேர்க் என்ற சொல். அவ்வளவுதான். மெல்பேர்னில் அவனுடைய தமக்கை வீட்டுச் சுவரில் குடும்பச் சின்னம் ஒன்று சட்டம் போட்டுத் தொங்குகிறது. சிங்கமும் கோபுரமும் போட்டது. அதை யாரோ விற்பனைக்காரர் கீறிக் கொடுத்தாராம். அதே குடும்பப் பெயர் உள்ள எல்லாருக்கும் அதே சிங்கத்தைத்தான் கீறிக் கொடுத்திருப்பார் என்று எனக்குச் சந்தேகம். அப்போது வாயைத் திறக்கவில்லை.

மிடல்பேர்க் நெதர்லாந்தின் தென்மேற்கு மூலையில் சேலாந்து மாகாணத்தில் இருக்கிறது. அது இருக்கும் வல்கரென் ஒரு காலத்தில் தீவு. பிறகு அணை கட்டி நிலத்தோடு ஒட்டிவிட்டார்கள். வேலணையிலிருந்து புங்குடுதீவுக்குப் பாலம் போட்டது நினைவுக்கு வந்தது. ரயில் ஜன்னலில் பார்த்தால் இரண்டு பக்கமும் தட்டையான வயல், நடுநடுவே வாய்க்கால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வானம். பெயர் வைத்தவன் தன் ஊர் நினைப்பில் வைத்திருப்பானோ என்று கேட்டேன். நண்பன் சிரிக்கவில்லை. அவன் அப்போதே ஊர்ப்பிள்ளை ஆகிவிட்டான். "எங்கட ஊர்" என்று பேசத் தொடங்கியிருந்தான்.

அவன் ஆவலுக்குக் காரணம் இருந்தது. 1602இல் தொடங்கிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆறு கிளைகள்: அம்ஸ்ரர்டாம், சேலாந்து, டெல்ப்ட், ரொட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவுசன். சேலாந்துக் கிளையின் இருப்பிடம் மிடல்பேர்க். அந்தக் கிளையின் கப்பல்கள் பக்கத்திலே ராமெக்கென்ஸ் கோட்டைக்கு முன்னால் நங்கூரமிட்டு, நல்ல காற்றுக்குக் காத்துக் கிடந்து, பிறகு கிழக்கே புறப்பட்டன. அந்தக் கோட்டைச் சுவர் இன்னும் இருக்கிறது.

ஊருக்குள் 'நீட்டு ஜான்' என்று பட்டப்பெயர் வைத்த உயரமான கோபுரம் நிற்கிறது. பழையது போலத்தான் தெரியும். ஆனால் 1940 மே 17ஆம் திகதி யுத்தத்தில் நகரத்தின் நடுப்பகுதி எரிந்தபோது அதுவும் எரிந்தது. இப்போது நிற்பது திரும்பக் கட்டியது. கோபுரத்தைத் திரும்பக் கட்டலாம். அன்றைக்கு எரிந்த இன்னொன்றைக் கட்ட முடியாது: மிடல்பேர்க் தேவாலயங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய பழைய பதிவேடுகள்.

இதைச் சுவடிக்கூடத்தில் ஒரு பெண்மணி சொன்னார். பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய ஒரு பெரிய மாளிகைதான் இப்போது அந்தச் சுவடிக்கூடம். அவ்வளவு அழகான கட்டடத்தில் அவ்வளவு கெட்ட செய்தி. நெதர்லாந்தில் அரசாங்கப் பிறப்பு, இறப்புப் பதிவு நாடு முழுக்க வந்தது 1811இல், நெப்போலியன் ஆண்டபோது. அதற்கு முன்னால் எல்லாம் கோயில் ஏடுதான். கோயில் ஏடு எரிந்தால் ஆள் இல்லை. நண்பன் வெளியே வந்து வாய்க்கால் ஓரம் குந்திவிட்டான். யாழ்ப்பாண நூலகம் எரிந்த 1981 எனக்கு ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்கும். இரண்டு பேருமே அதைக் கதைக்கவில்லை.

அந்தப் பெண்மணிதான் வழியும் காட்டினார். "கம்பெனியில் வேலை செய்தவரா? அப்படியென்றால் கோயிலை விடுங்கள், சம்பளக் கணக்கைப் பாருங்கள்" என்றார்.

நேயர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கம்பெனியின் கப்பலுக்கொரு சம்பளப் பேரேடு. ஆளுக்கொரு கணக்கு, ஒரு பக்கம் பற்று, மற்றப் பக்கம் வரவு. பெயர், சொந்த ஊர், கப்பல், என்ன வேலை, எப்போது சேர்ந்தான், எப்போது எப்படிக் கணக்கு முடிந்தது. திரும்பி வந்தானா, ஓடிப் போனானா, செத்தானா எல்லாம் அதிலே உண்டு. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை இப்போது வீட்டிலிருந்தே கணினியில் தேடலாம், காசு இல்லை. மூல ஏடுகள் டென் ஹாக்கில், மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் தேசியச் சுவடிக்கூடத்தில். கம்பெனியின் ஏடுகள் மட்டும் அடுக்கினால் ஒரு கிலோமீற்றருக்கு மேலே நீளும். 2003இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது. யாரும் பரம்பரை தேடட்டும் என்று இவற்றை எழுதவில்லை. ஒரு சதமும் பிசகக் கூடாது என்று எழுதினார்கள்.

என் மகள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்து தேடினோம். பெயரை அவன் இன்றைக்கு எழுதுகிற மாதிரி அடித்தால் ஒன்றும் வராது. கப்பலில் ஏறினவன் வாயால் சொல்ல, எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல். அதோடு, அந்தக் காலத்தில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தகப்பன் பெயர்தான். யாழ்ப்பாணத்தாரின் வழக்குச் சட்டமான எங்கள் தேசவழமையை 1707இல் தொகுத்துக் கொடுத்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ். ஐசாக்குடைய மகன் கிளாஸ் என்பதுதான் அதற்கு அர்த்தம். நாங்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் வைக்கிறோம், அவர்கள் முழுப் பெயரையும் பின்னால் வைத்தார்கள். பறங்கியரிடையே இன்றும் இருக்கும் ஜான்ஸ் என்ற குடும்பப் பெயரும் இப்படி வந்ததுதான். நெப்போலியன் எல்லாரையும் நிரந்தரமான குடும்பப் பெயர் பதியச் சொன்ன காலத்தில் இவர்களுடைய முன்னோர் இலங்கையில் இருந்தார்கள். அதனால் அங்கே மாறிப்போன சில பழம் பெயர்கள் கொழும்பில் அப்படியே தங்கிவிட்டன.

மூன்றாம் நாள் இரவு ஆள் அகப்பட்டார். சிப்பாய். சம்பளம் டச்சுக் காசில் மாதம் ஒன்பது கில்டர். வேலைக்குச் சேரும்போதே 150 கில்டர் கடன். அது எப்படி என்றால், கையில் காசில்லாமல் துறைமுகத்துக்கு வருகிற பெடியனுக்கு ஒரு விடுதிக்காரர் சோறும் படுக்கையும் கொடுத்து, கம்பெனியில் சேர்த்துவிட்டு, அவன் சம்பளத்திலிருந்து பின்னால் பிடித்துக்கொள்ளும் கடன் சீட்டை வாங்கிக்கொள்வார். அந்தச் சீட்டைத் தள்ளுபடி விலைக்கு வேறொருவருக்கு விற்பார். சீட்டு விற்பவன் என்ற டச்சுச் சொல் மருவி 'ஆன்மா விற்பவன்' என்று ஆகிவிட்டதாம். எங்கள் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பின முகவர்களுக்கும் ஊரில் ஒரு பெயர் இருந்தது, அதை வானொலியில் சொல்ல முடியாது.

பற்றுப் பக்கத்தில் இன்னொரு வரி. ஆண்டுக்கு மூன்று மாதச் சம்பளத்தை வீட்டாருக்குக் கொடுக்கும்படி எழுதிவைக்கக் கம்பெனி அனுமதித்தது. இவர் தாய்க்கு எழுதிவைத்திருந்தார். நண்பன் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். கணினித் திரையைத்தான்.

கடைசி வரி: யாழ்ப்பாணப்பட்டினத்தில் இறந்தார்.

இனி, சொந்த ஊர். அதைத்தான் கடைசியாகப் பார்த்தோம். மிடல்பேர்க் அது கப்பல் அனுப்பிய கிளையின் ஊர், அவ்வளவே. ஆள் எம்டன்.

எம்டன்! நான் சிரித்த சிரிப்பில் பேரப்பிள்ளை எழும்பிவிட்டாள். 1914 செப்டெம்பரில் சென்னைக்குக் குண்டு போட்ட ஜேர்மன் கப்பலுக்கு அந்த ஊரின் பெயர்தான். எங்கள் பக்கத்தில் சுழியனை 'ஆள் ஒரு எம்டன்' என்று சொல்வது அதிலிருந்து வந்தது. ஒல்லாந்தப் பரம்பரை என்று ஐந்து தலைமுறை பெருமைப்பட்ட குடும்பத்தின் மூதாதை ஜேர்மனிக்காரர். இது அபூர்வமும் இல்லை. கம்பெனி கிட்டத்தட்டப் பத்து லட்சம் பேரைக் கிழக்கே அனுப்பியது. சிப்பாய்களில் பெரும் பங்கு ஜேர்மன் நாடுகள், ஸ்கண்டிநேவியா, பிளாண்டர்ஸ் பக்கத்து ஏழைப் பெடியன்கள். போனவர்களில் திரும்பி வந்தது பாதிக்கும் குறைவு.

எம்டனுக்கும் போனோம். எல்லைக்கு அப்பால், எம்ஸ் ஆற்றின் வாயில். அங்கே சீர்திருத்தச் சபையார் நெடுங்காலம் டச்சு மொழியில்தான் பூசை நடத்தினார்களாம். ஆகவே ஆள் ஒரு பாதி ஒல்லாந்தர் என்று நண்பன் வாதாடினான். விட்டுக்கொடுத்தேன். முன்னோர் கல்லறை தேடினான். நெதர்லாந்தில் தேடினபோதே பட்ட பாடு அது. அங்கே கல்லறை நிலம் பெரும்பாலும் வாடகைக்குத்தான். தவணை முடிந்து குடும்பம் புதுப்பிக்காவிட்டால் கிளறி எடுத்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். முந்நூறு வருடத்து ஒல்லாந்தக் கல்லறை பார்க்க வேண்டுமென்றால் கொழும்பு வொல்வெண்டால் தேவாலயத்துக்கு வரவேண்டும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் கட்டின சிலுவைக் கோயிலிலும் இருந்தன. அந்தக் கோயில் எங்கள் யுத்தத்தில் போய்விட்டது.

திரும்பும் வழியில் நான் கேட்டேன் என்பதற்காக டெல்ப்ட்டில் ஒரு நாள் நின்றோம். சாய்ந்த கோபுரம், நீலப் பீங்கான், வாய்க்கால். 1672இல் வெளிவந்த தடித்த புத்தகத்தில் யாழ்ப்பாணத்தைப் பற்றியும் எழுதிய பால்தேயு பாதிரியார் பிறந்த ஊர் அது. கடைவீதியில் ஒரு பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தேன்: கந்தோர். அலுவலகத்துக்கு நாங்கள் சொல்லும் சொல், எங்கள் அப்பா போய் வந்த அதே கந்தோர். நொத்தாரிசு என்ற பலகையும் இருந்தது. மேசை இழுப்பறைக்கு நாங்கள் சொல்லும் லாச்சியும் அங்கே உயிரோடு இருக்கிறது. கக்கூசு என்று கேட்டேன், கடைக்காரப் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டது. லம்பிறைஸ் எந்தக் கடையிலும் இல்லை. அது கொழும்புப் பறங்கியரின் சாப்பாடு, அங்கே யாருக்கும் தெரியாது. நண்பனுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்றம்.

அன்று இரவு தமக்கையோடு கதைத்தான். சிங்கப் படத்தைக் கழற்ற வேண்டாம், அழகாக இருக்கிறது என்று முடிவாயிற்று. பிறகு தமக்கை ஒரு கேள்வி கேட்டாள். "அவர் கலியாணம் கட்டினது ஆரை?"

அது அவனிடம் எப்போதும் இருந்த விபரம்தான். வேதாகமத் தாளில் இரண்டாவது வரி: மரியா, யாழ்ப்பாணப்பட்டினம். குடும்பப் பெயர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. உள்ளூர்ப் பெண்களை ஞானஸ்நானப் பெயரோடு ஊர்ப் பெயரை மட்டும் சேர்த்து எழுதுவது அந்தக் கால வழக்கம். 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் உறுப்பினரைச் சேர்த்தது ஆண் வழி பார்த்து. அதனால் அவர்கள் அச்சிட்ட வம்சாவளிகளெல்லாம் கப்பலில் வந்த ஆணோடு தொடங்குகின்றன. அவன் ஐரோப்பாவில் மூன்று கிழமை அலைந்து தேடினது ஒரு பாதியை. மற்றப் பாதியை ஒருவரும் பேரேட்டில் ஏற்றவில்லை. அவளுக்குக் கம்பெனியில் சம்பளம் இல்லையே.

தொலைபேசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"மச்சான், உன்ர ஆக்களில ஆரும் மரியா எண்டு இருந்தவையோ?"

நெடுந்தீவில் வீட்டுக்கு ஒரு மரியா உண்டு, எந்த மரியாவை நான் சொல்வது என்று கேட்டேன். தை மாதம் வருகிறானாம். குறிகட்டுவானில் காலைப் படகுக்கு நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

வணக்கம்.