பாரிஸ் முதல் வியன்னா வரை: ரயிலில் ஒரு தேனிலவு

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருமண மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய கையோடு, தேனிலவுக்கு ஐரோப்பா என்று முடிவு செய்துவிடும் இளம் தம்பதிகள் இன்று நம் ஊர்களில் நிறையவே இருக்கிறார்கள். அவர்கள் ஆலோசனை கேட்டு வரும்போது கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். லண்டன், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், பெர்லின், பிராக், ஸ்விட்சர்லாந்து, ரோம், பார்சிலோனா. இத்தனையும் பன்னிரண்டு நாட்களுக்குள். ஊர்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு அவற்றை இணைக்க ரயில் தேடுகிறார்கள். நான் இன்று சொல்ல விரும்புவது இதற்கு நேர் எதிரான வழியை. முதலில் நல்லதொரு ரயில் பாதையைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பாதை தொட்டுச் செல்லும் ஊர்களில் மனத்துக்குப் பிடித்த நாலைந்தில் இறங்கித் தங்குங்கள். ரயிலில் கழியும் பொழுதும் தேனிலவின் ஒரு பகுதி என்று எண்ணித் திட்டமிட்டால், பட்டியலில் பாதி தானாகவே உதிர்ந்துவிடும்.

கணக்கை நாட்களில் போடாமல் இரவுகளில் போடுவது நல்லது. ஐரோப்பிய விடுதிகளில் பொதுவாகக் காலை பத்து, பதினொரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும். புதிய ஊரில் அறை கிடைக்கப் பிற்பகல் இரண்டு, மூன்று மணியாகும். ஊர் மாறும் நாள் பெரும்பாலும் பெட்டி கட்டுவதிலும் அவிழ்ப்பதிலுமே போய்விடுவதால், ஓர் இரவு மட்டும் தங்கும் ஊரை நீங்கள் பார்த்ததாகவே சொல்ல முடியாது.

எனக்குப் பிடித்த பாதை பாரிஸில் தொடங்கி, ஸ்விஸ் மலைகளில் ஏறி, ஆல்ப்ஸைக் கடந்து இத்தாலியின் கோமோ ஏரியில் இறங்கி, வெனிஸ் வழியாக வியன்னாவில் முடிவது. பாரிஸில் 3 இரவு, ஸ்விட்சர்லாந்தில் வெங்கன் என்னும் மலைக் கிராமத்தில் 4, அங்கேயே கூர் நகரில் 1, கோமோ ஏரிக்கரையில் வரென்னாவில் 2, வெனிஸில் 2, வியன்னாவில் 2. ஆக 14 இரவுகள். கூர் மட்டுமே ஓரிரவு ஊர். மறுநாள் காலை மலை ரயிலைப் பிடிப்பதற்காக அங்கே படுக்கிறோம், அவ்வளவுதான். இது வட்டமடிக்காத பாதை என்பதையும் கவனியுங்கள். போன வழியே திரும்பி வருவதில் ஒரு முழு நாள் வீணாகும் என்பதால், பாரிஸில் இறங்கி வியன்னாவில் விமானம் ஏறும்படி டிக்கெட் எடுக்க வேண்டும். இப்படி வெவ்வேறு ஊர்களுக்கு எடுக்கும் டிக்கெட்டின் விலை, ஒரே ஊருக்குப் போய்த் திரும்பும் டிக்கெட்டின் விலையோடு பல நேரங்களில் பெரிதாக வேறுபடுவதில்லை. லண்டனை விட்டுவிட்டேனே என்று சிலருக்கு வருத்தம் இருக்கலாம். ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தை ஷெங்கன் பகுதி என்பார்கள். பிரிட்டன் அதைச் சேர்ந்ததல்ல. பிரிட்டனுக்குத் தனி விசா, தனிச் செலவு, தனிக் காத்திருப்பு. லண்டனுக்கு வேறொரு முறை போய்க்கொள்ளலாம்.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வைகாசி முகூர்த்தத்தில் திருமணம் முடித்துச் செல்பவர்களுக்கு நீண்ட பகல் கிடைக்கும். ஆனால் மே மாதத்தில் உயர்ந்த மலைப் பாதைகள் சிலவற்றில் பனி இன்னும் கிடக்கும், சில கேபிள் கார்கள் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டிருக்கும். ஆவணித் திருமணத்துக்குப் பிந்தைய செப்டம்பர்தான் இந்தப் பாதைக்கு மிகப் பொருத்தமான மாதம் என்பது என் எண்ணம். தை மாதத் தம்பதிகள் பனி மூடிய ஆல்ப்ஸை ரயில் ஜன்னலிலிருந்து பார்க்கலாம்; பகல் குறுகியது என்பதையும், வெனிஸின் கார்னிவல் திருவிழா நடக்கும் நாட்களில் விடுதிக் கட்டணம் ஏறிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

அடுத்தது விசா. பலர் குழம்பும் இடம் இது. ஷெங்கன் பகுதியில் இப்போது 29 நாடுகள் உள்ளன. ஒரு விசா எல்லாவற்றுக்கும் செல்லும் என்றாலும், எந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பதற்கு விதி உண்டு. நீங்கள் இறங்கும் நாடு எது என்பதை வைத்து அது முடிவாவதில்லை. பயணத்தின் முதன்மையான நாடு எதுவோ, அதாவது அதிக நாட்கள் தங்கும் நாடு எதுவோ, அதனிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு நாடுகளில் சம நாட்கள் தங்கினால் மட்டுமே முதலில் நுழையும் நாடு என்ற கேள்வி வருகிறது. நாம் போட்ட திட்டத்தில் விமானம் பிரான்சில் இறங்குகிறது. ஆனால் ஸ்விட்சர்லாந்தில் 5 இரவுகள், இத்தாலியில் 4, பிரான்சில் 3. எனவே விண்ணப்பம் ஸ்விட்சர்லாந்துக்கே போக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம்; 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கான விசாக் கட்டணம் 90 யூரோ.

புதுமணத் தம்பதிகளுக்கே உரிய ஒரு சிக்கலும் இங்கே உண்டு. திருமணமானதும் மனைவியின் பாஸ்போர்ட்டில் பெயரை மாற்றியாக வேண்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பயணத்துக்கு முன் அதில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. விமான டிக்கெட், ரயில் பாஸ், காப்பீடு, விடுதி எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் இப்போது உள்ள பெயரே இருக்கட்டும். நம்மவர்களின் பெயரில் தலைப்பெழுத்து இருக்கும். ஐரோப்பிய ரயில் இணையதளங்கள் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் வைத்துக்கொண்டு, அதை நிரப்பாமல் மேலே போக விடாது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் எந்த இடத்தில் அச்சாகியிருக்கிறதோ, அதே இடத்தில் அதே எழுத்துகளோடு இடுங்கள். கணவன் ஒரு விதமாகவும் மனைவி வேறு விதமாகவும் நிரப்பிவிட்டு, பிறகு திருத்தக் கட்டணம் கட்டியவர்களை நான் அறிவேன்.

டிக்கெட் விஷயத்தில், பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் ஒரே சீட்டில் போக உதவும் யூரெயில் பாஸ் வாங்கலாமா, தனித்தனியாக எடுக்கலாமா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. ஐரோப்பாவில் வசிக்காதவர்களுக்காக 1959 முதல் இருந்துவரும் இந்தப் பாஸ், தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு நன்றாக உதவும். ஆனால் பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியரோஸா போன்ற அதிவேக வண்டிகளில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியாகப் பணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். நாம் போட்டிருப்பதுபோல் நின்று நிதானித்துப் போகும் பயணத்துக்குத் தனி டிக்கெட்டுகளே போதும் என்பது என் கருத்து. இன்னொரு காரணமும் உண்டு. நீண்ட தூர அதிவேக வண்டிகளில், விமானத்தைப்போலவே, சீக்கிரம் வாங்குகிறவருக்கு மலிவு. ஆனால் அந்த மலிவு டிக்கெட்டைத் திருப்பித் தர இயலாது. விசா கிடைப்பதற்கு முன்பே அதில் பணத்தைப் போடுவது ஆபத்து. நல்ல வேளையாக, நம் பாதையில் அப்படி முந்திக்கொள்ள வேண்டியவை மூன்றே மூன்று: பாரிஸிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் பாசல், மிலானிலிருந்து வெனிஸ், வெனிஸிலிருந்து வியன்னா. கோமோ ஏரிக்கரையில் ஓடும் வட்டார ரயில்களுக்கு விலை நிலையானது, அன்றைக்கே வாங்கலாம். ஸ்விஸ் ரயில்களுக்கும் சாதாரணக் கட்டணம் கடைசி நாள்வரை மாறாது. ஆகவே விடுதிகளை ரத்து செய்யக்கூடிய முறையில் பதிவு செய்து விசாவுக்கு விண்ணப்பித்து, விசா முத்திரை விழுந்த அன்றே இந்த மூன்று டிக்கெட்டுகளையும் எடுத்துவிடுங்கள்.

இனிப் பாதைக்கு வருவோம். பாரிஸ் நகரில் பெரிய ரயில் நிலையங்கள் பல உண்டு. ஸ்விட்சர்லாந்துக்கான டிஜிவி லிரியா வண்டி கார் தெ லியோன் நிலையத்திலிருந்து புறப்படும். பிளாட்பார எண் புறப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்புதான் பலகையில் தெரியும். கதவுகள் புறப்படும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே மூடிவிடும். பெட்டிகளை நீங்களேதான் தூக்க வேண்டும். கூப்பிட்டால் வர அங்கே போர்ட்டர் கிடையாது. எனவே ஆளுக்கு ஒரு நடுத்தர சூட்கேஸ். அதற்கு மேல் வேண்டாம். முகூர்த்தப் புடவையும் சீர் நகைகளும் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.

மூன்று மணி நேரத்தில் பாசல். அங்கிருந்து இரண்டு மணி நேரத்தில் இண்டர்லாகன் ஓஸ்ட் நிலையம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். லாட்டர்புருன்னனுக்கும் கிரிண்டல்வால்டுக்கும் செல்லும் பெட்டிகள் ஒரே வண்டியாக இணைந்து புறப்பட்டு, ஸ்வைலூட்ஷினன் என்னும் சிறு நிலையத்தில் இரண்டாகப் பிரிந்து வெவ்வேறு பள்ளத்தாக்குகளுக்குப் போகும். பெட்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஊரைப் பார்த்து ஏறாவிட்டால், அழகான ஒரு தவறான ஊரில் போய் நிற்பீர்கள். லாட்டர்புருன்னனில், ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஸ்டாவ்பாக் அருவியைப் பார்த்துவிட்டு, மலை ரயிலில் மாறி ஏறினால் கால் மணி நேரத்தில் வெங்கன் வந்துவிடும். கார்கள் அனுமதிக்கப்படாத கிராமம் அது. கூட்டம் மொய்க்கும் பள்ளத்தாக்கிலோ இண்டர்லாகன் நகரிலோ தங்குவதைவிட இங்கே தங்குவது மேல் என்று தயங்காமல் சொல்வேன். தண்டவாளங்களுக்கு நடுவே பற்சட்டம், அதாவது பல் பல்லாக வெட்டிய இரும்புச் சட்டம், பதித்து வண்டி ஏறும் இந்த ஏற்பாடு, மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போனவர்களுக்குப் புதிதல்ல. நம் நீலகிரி ரயிலின் பற்சட்ட முறையை வகுத்தவர் ரோமன் ஆப்ட் என்னும் ஸ்விஸ் பொறியாளர். அதன் நீராவி எஞ்சின்கள் பலவும் ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவைதாம்.

வெங்கனிலிருந்து 3,454 மீட்டர் உயரத்தில் உள்ள யுங்ஃப்ராவ்யோக் நிலையம் வரை ரயிலிலேயே போகலாம். 1912 முதல் இயங்கும் பாதை. தள்ளுபடி இல்லாவிட்டால் ஒருவருக்கு 200 ஸ்விஸ் ஃபிராங்க் அளவில் செலவாகும் என்பதால், ஊரிலிருந்தே தேதி குறித்துப் பதிவு செய்துவிடாதீர்கள். நாலு இரவு தங்குவதன் பயனே அதுதான். காலையில் எழுந்து சிகரத்தின் நேரடிக் காமிராப் படத்தைப் பாருங்கள். மேகம் விலகியிருக்கும் நாளில் ஏறுங்கள். சைவ உணவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள், கூப், மிக்ரோஸ் என்னும் கடைகளில் ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம், தயிர் எல்லாம் கிடைக்கும் என்று தெரிந்துகொண்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். பெரிய ரயில் நிலையங்களுக்குள் இருப்பவை திறந்திருக்கும்.

இந்தப் பயணத்தின் சிகரம் கூர் நகரிலிருந்து இத்தாலியின் திரானோ வரை செல்லும் பாதை. 2008-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த ஆல்புலா, பெர்னினா வழித்தடங்கள் இவை. 65 மீட்டர் உயரக் கல்தூண்கள் மீது வளைந்து செல்லும் லாண்ட்வாசர் பாலம், மறுகரையில் தரையைத் தொடாமல் நேராகச் செங்குத்துப் பாறையின் சுரங்கத்துக்குள் நுழைகிறது. பிறகு வண்டி பற்சட்டத்தின் உதவியே இல்லாமல், ஆயிரம் மீட்டர் ஓட்டத்துக்கு எழுபது மீட்டர் வரை சரிவுள்ள பாதையில், 2,253 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. அங்கே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஏரிகள். ஒன்றின் நீர் கருங்கடலுக்கும் மற்றொன்றின் நீர் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் போகிறது. இறக்கத்தில், புருசியோ என்னுமிடத்தில், வண்டி ஒரு வட்டப் பாலத்தில் சுற்றித் தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து வெளிவருகிறது. கண்ணாடிக் கூரை கொண்ட பெர்னினா எக்ஸ்பிரஸ் வண்டிக்கு முன்பதிவும் கூடுதல் கட்டணமும் வேண்டும். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண வண்டிகளுக்கு அது தேவையில்லை. வழியில் மாறி ஏற வேண்டியிருந்தாலும், பல பெட்டிகளில் ஜன்னலை இறக்கிவிட்டுப் படமெடுக்கலாம், நடுவில் பிடித்த ஊரில் இறங்கிக் காப்பி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் தொடரலாம். இருவர் மட்டும் போகும் பயணத்துக்கு நான் சாதாரண வண்டியையே பரிந்துரைப்பேன்.

திரானோவிலிருந்து மிலான் செல்லும் வண்டி வரென்னாவில் நிற்கும். இத்தாலியில் வட்டார ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறுவதற்கு முன் நிலையத்தில் உள்ள சிறு இயந்திரத்தில் செருகி நேர முத்திரை இடுவது அவசியம், மறந்தால் அபராதம். ஸ்விட்சர்லாந்தில் ஏழு நிமிடத்தில் வண்டி மாறுவதாகத் திட்டமிட்டாலும் நடந்துவிடும். மிலானில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். வெனிஸுக்கு டிக்கெட் எடுக்கும்போது வெனேசியா சாந்தா லூசியா என்ற பெயரைப் பார்த்து எடுங்கள். மெஸ்த்ரே என்பது கரைப்பக்கத்து நிலையம். சாந்தா லூசியாவின் வாசலுக்கு வெளியே சாலை இல்லை. படிக்கட்டும், அதன் கீழே பெருங்கால்வாயும், அதில் படகுத்துறையும்தான். அறை எடுக்கும்போது துறையிலிருந்து எத்தனை பாலம் ஏறி இறங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாலமும் படிக்கட்டு.

வெனிஸிலிருந்து வியன்னாவுக்கு இரவு ரயில் உண்டு. இருவர் மட்டும் படுக்கும் பூட்டிக்கொள்ளக்கூடிய அறையும் அதில் கிடைக்கும். விடுதிச் செலவு மிச்சம் என்று பலர் அதை விரும்புகிறார்கள். எனினும், அரைத் தூக்கத்தில் விடிகாலையில் இறங்கி, அறை கிடைக்கும்வரை பெட்டியோடு காத்திருப்பது தேனிலவுக்கு ஏற்றதாக எனக்குத் தோன்றவில்லை. பகல் வண்டியில் போனால், 1854-இல் முடிக்கப்பட்ட செம்மரிங் மலைப் பாதையைக் கண்ணால் பார்க்கலாம். இரண்டடுக்கு வளைவுகள் கொண்ட கற்பாலங்களோடு அதை அமைத்த கார்ல் ஃபான் கேகா, வெனிஸில் பிறந்தவர். அந்த மலைக்கு அடியில் நீண்ட சுரங்கம் ஒன்று அமைக்கப்பட்டு வருகிறது. அது திறந்த பிறகு விரைவு வண்டிகள் பூமிக்குள் போய்விடும் என்பதால், இப்போது போகிறவர்களுக்கே அந்தக் காட்சி.

வியன்னா மத்திய நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு நேரடி ரயில் உண்டு. கால் மணி நேரப் பயணம். ஆகவே கடைசி இரண்டு இரவுகளுக்கு அந்த நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் அறை எடுத்துக்கொண்டால், திரும்பும் நாளன்று டாக்சி தேட வேண்டியிருக்காது. நன்றி, வணக்கம்.