12.50 எப்படி 12.5 ஆச்சு? பூஜ்யம் தொலையுற இடம்

வணக்கம் மக்களே. ஸ்கிரீனைப் பாருங்க. பைத்தான்ல 12.50-ஐ எஸ்டிஆர்-க்குள்ள, அதாவது எண்ணை எழுத்தா (ஸ்ட்ரிங்கா) மாத்துற ஃபங்ஷனுக்குள்ள, போடுறேன். வர்றது 12.5. ஸ்ட்ரிங்கா மாத்தும்போதுதான் பூஜ்யம் போச்சுன்னு தோணும், ஆனா அது அதுக்கு முன்னாடியே போயிருச்சு. புள்ளி வெச்ச எண்ணை பைத்தான் வெச்சுக்குற வகைக்குப் பேரு ஃப்ளோட்டு. ஃப்ளோட்டுக்குள்ள 12.5-க்கும் 12.50-க்கும் ஒரே 64 பிட்டுதான். எத்தனை பூஜ்யம் டைப் பண்ணீங்கன்னு அதுக்குத் தெரியாது.

பில்லுல ரெண்டு இலக்கம் வந்தாப் போதும்னா எஃப் ஸ்ட்ரிங்ல கோலன் போட்டு புள்ளி 2 எஃப்னு எழுதுங்க, 12.50 வந்துரும். ஆனா இதுலயே 2.675 போட்டுப் பாருங்க. 2.68 வரணும்ல? வந்தது 2.67. ஃப்ளோட்டுல அது 2.67499-னு நீளுற எண்ணாதான் உட்கார்ந்திருக்கு, அதான் கீழ இறங்குது. காசு கணக்குக்கு ஃப்ளோட்டே வேண்டாம்னு நான் சொல்றது இதனாலதான்.

தராசு ரீடிங்னா கதையே வேற. 12.5 கிராமை 12.50-னு அச்சடிச்சா, அளக்காத இலக்கத்தை அளந்ததா சொல்ற மாதிரி. வந்த இலக்கம் அப்படியே நிக்கணும்னா டெசிமல் எடுங்க, இலக்கத்தை எழுதினபடியே வெச்சுக்குற பைத்தான் எண் வகை அது. முக்கியமா, கோட்ஸுக்குள்ள, அதாவது மேற்கோள் குறிக்குள்ள, குடுக்கணும். கோட்ஸ் இல்லாம 12.50 குடுத்தா அது முதல்ல ஃப்ளோட்டாகி, பழையபடி 12.5-தான். கோட்ஸோட குடுத்தா எஸ்டிஆர் போட்டாலும் 12.50 வரும்.

இப்போ டெசிமல்ல பெருக்கிப் பாருங்க: 1.10-ஐ 2.00-ஆல பெருக்கினா 2.2000. பயப்படாதீங்க, ரெண்டு பக்கத்து தசம இலக்கமும் கூடிருச்சு, அவ்வளவுதான். எத்தனை தசம இலக்கம் வேணும்னு சொல்ற குவான்டைஸ்ல கோட்ஸோட டெசிமல் 0.01 குடுத்தா 2.20 ஆயிரும். அங்கயும் ஒண்ணு கவனிங்க: டீஃபால்ட்டா 2.665-ஐ 2.66 ஆக்கும், சரிபாதின்னா இரட்டைப்படைப் பக்கம்தான் சாயும். 2.67 வேணும்னா ரவுண்ட் ஹாஃப் அப்னு நாமதான் சொல்லணும். நார்மலைஸ் பக்கம் போகவே போகாதீங்க, அது பூஜ்யத்தை உரிக்கிறது மட்டும் இல்ல, 500-ஐ 5இ+2-னு, அதாவது 5 பெருக்கல் 100-னு காட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட்ல ரெண்டு இலக்கம் வேணும்னா டூ ஃபிக்ஸ்டு 2. அது தர்றது ஸ்ட்ரிங். அதை மறுபடி நம்பர்குள்ள போட்டீங்கன்னா பூஜ்யம் காலி. ஜாவாவுல டெசிமல் மாதிரி இருக்குற பிக் டெசிமல் பூஜ்யத்தை வெச்சிருக்கும், ஆனா ஈக்வல்ஸ் போட்டா 2.0-உம் 2.00-உம் வேற வேறன்னு அடம்பிடிக்கும். கம்பேர் டூ போட்டு சைபர் வருதான்னு பாருங்க.

கடைசியா ஜேசான், புரோகிராம்கள் ஒண்ணுக்கொண்ணு டேட்டா அனுப்புற எழுத்து வடிவம். விலையைக் கோட்ஸ் இல்லாம நம்பரா அனுப்புனா, ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசர்ல பார்ஸ் ஆனதுமே (படிச்சுப் பிரிச்சதுமே) 12.5 ஆயிரும். ஸ்ட்ரிங்காவே அனுப்புங்க. அனுப்புறது நம்ம கையில இல்லைன்னா, பைத்தான்ல ஜேசான் லோட்ஸ் கூப்பிடுறப்போ பார்ஸ் ஃப்ளோட்டுக்கு டெசிமல்னு குடுங்க. ஃபைல்ல 12.50 இருந்தா, கையில 12.50-தான் கிடைக்கும். இதோ, ஓட்டிக் காட்டுறேன் பாருங்க.