ஒரு சேவல் பாக்கி

நேயர்களுக்கு வணக்கம்.

சாகும் தறுவாயில் ஒரு மனிதர் சொன்ன கடைசி வார்த்தைகளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். சொன்னவர் நஞ்சு குடித்துச் சாகும்படி தீர்ப்பு வாங்கிய கிரேக்கத் தத்துவஞானி சாக்ரடீஸ். இடம் ஏதென்ஸ் நகரச் சிறை. ஆண்டு கி.மு. 399. அவருக்கு வயது 70.

"கிரிட்டோ, அஸ்கிலேப்பியஸுக்கு ஒரு சேவல் கடன்பட்டிருக்கிறோம். கொடுத்துவிடுங்கள், அசட்டையாக இருந்துவிடாதீர்கள்."

அவ்வளவுதான். ஆன்மா அழியாதது என்று பகல் முழுக்க நண்பர்களோடு விவாதித்தவர், முடிவில் சொன்னது சேவல் கணக்கு. இதைப் படித்துவிட்டுச் சும்மா தாண்டிப்போனவர்கள் பலர். மயக்கத்தில் ஏதோ உளறினார் என்றவர்களும் உண்டு. ஆனால் ஐரோப்பாவின் இரண்டு பெரிய சிந்தனையாளர்களை இந்த வாக்கியம் பிடித்து நிறுத்தியது. ஒருவர் ஜெர்மானியர் நீட்ஷே, இன்னொருவர் பிரெஞ்சுக்காரர் மிஷேல் ஃபூக்கோ. இருவருக்கும் நடுவே ஒரு நூறு வருஷம்.

முதலில் அந்தச் சிறை அறைக்குள் போய்விட்டு வருவோம். அவருடைய மாணவர் பிளேட்டோ 'ஃபைடோ' என்ற உரையாடலில் அதை நிமிஷக் கணக்கில் எழுதிவைத்திருக்கிறார். சாக்ரடீஸ் குளித்துவிட்டு வருகிறார். தான் செத்த பிறகு உடம்பைக் குளிப்பாட்டும் வேலை பெண்களுக்கு வேண்டாமே என்று அவராகவே குளித்துவிடுகிறார். உத்தரவைச் சொல்ல வந்த சிறைக் காவலர் அழுதுகொண்டே திரும்பிப் போகிறார். சூரியன் இன்னும் மலைமேல்தானே இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துக் குடிக்கலாமே என்று நண்பர் கிரிட்டோ கெஞ்சுகிறார். சாக்ரடீஸ் கேட்கவில்லை. கோப்பையை வாங்கி அமைதியாகக் குடிக்கிறார். கால் கனக்கும்வரை நடக்கிறார், அப்புறம் மல்லாந்து படுத்துக்கொள்கிறார். நஞ்சு கொடுத்த ஆள் பாதத்தை அழுத்திக் கிள்ளி, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்கிறான். இல்லை என்கிறார். அப்புறம் கெண்டைக்கால். சில்லிப்பு மேலே மேலே ஏறுகிறது.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பாட்டியின் கட்டில் ஞாபகம் வரும். பெரியவர்கள் மாறி மாறி வந்து அவள் பாதத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். "கால் சில்லிட்டாச்சு" என்று ஒருவர் மெதுவாகச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது. இருபத்துநான்கு நூற்றாண்டுக்கு முந்திய ஒரு கிரேக்கப் பக்கத்தில் அதே கை, அதே பாதம். தத்துவம் என்றால் தலைக்கு மேலே மிதக்கிற சமாச்சாரம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் படிக்கக் கொடுப்பது இந்தப் பக்கத்தைத்தான்.

இடுப்புவரை குளிர்ந்தாயிற்று. முகத்தை மூடிப் படுத்திருந்தவர், துணியை விலக்கிவிட்டுத்தான் அந்தச் சேவல் வாக்கியத்தைச் சொல்கிறார்.

அஸ்கிலேப்பியஸ் மருத்துவத்தின் தெய்வம். கிரேக்கத்தில் எபிதாரஸ் என்ற ஊரில் அவருக்குப் பெரிய கோயில். நோயாளிகள் அங்கே இரவு தங்கித் தூங்குவார்கள், கனவில் தெய்வம் வந்து குணப்படுத்தும் என்று நம்பிக்கை. குணமானவர்கள் காணிக்கை செலுத்துவார்கள். சேவல் எளிய மனிதர்கள் கொடுக்கிற காணிக்கை. நம் பேச்சில் சொன்னால், நேர்த்திக்கடன். இதை விளக்க மற்ற மொழிக்காரர்கள் அடிக்குறிப்பு எழுதவேண்டியிருக்கிறது. குலசாமிக்குச் சேவல் நேர்ந்துவிடுகிற ஊரில் பிறந்தவர்களுக்கு அது வேண்டாம். ஆனால் கேள்வி நமக்கும் அதேதான். நேர்த்திக்கடன் என்றால் நோய் ஒன்று தீர்ந்திருக்க வேண்டும். நஞ்சு ஏறிச் சாகிற மனிதருக்கு எந்த நோய் தீர்ந்தது?

நீட்ஷே ஒரு பதில் சொன்னார். அவர் கிரேக்க மொழியறிஞராகத்தான் தன் வாழ்க்கையைத் தொடங்கியவர். 1869-இல், 24 வயதில், பாசல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். உடல்நலம் கெட்டு 1879-இல் அந்த வேலையை விட்டவர். 1882-இல் வந்த 'மகிழ்ச்சியான அறிவியல்' நூலின் 340-ஆம் பகுதியில் அவர் சொல்வது இதுதான்: அந்தக் கடைசி வார்த்தைக்குப் பொருள், வாழ்க்கையே ஒரு நோய் என்பது. சாவு அந்த நோய்க்கு மருந்து, அதற்காகத்தான் சேவல். ஆயுள் முழுக்க ஒரு போர்வீரனைப் போல, எல்லோர் முன்னாலும் உற்சாகமாக வாழ்ந்த மனிதர் உள்ளுக்குள் வாழ்க்கையால் வாடிக்கொண்டிருந்திருக்கிறார், கடைசி நொடியில் வாய் தவறி அதைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்கிறார் நீட்ஷே. பேசாமல் செத்திருக்கலாமே என்று ஏங்குகிறார். எழுதிய நீட்ஷேயும் தலைவலியாலும் கண் உபாதையாலும் வருஷக்கணக்கில் துடித்தவர். படுக்கையில் கிடந்தபடியே வாழ்க்கைக்கு ஆமாம் சொல்ல முயன்ற ஒருவர், சாக்ரடீஸ் வாழ்க்கையைக் கைவிட்டுவிட்டார் என்று தோன்றியதும் பட்ட வேதனை அந்தப் பத்தியில் தெரிகிறது. அதனாலேயே அது எனக்கு மதிப்புக்குரியது.

ஆனால் அவர் வாசிப்பு சரியா? எனக்குச் சரியாகப் படவில்லை. அதே 'ஃபைடோ'வில், நாம் தெய்வங்களின் உடைமை, அவை நம்மைப் பார்த்துக்கொள்கின்றன, ஆகவே நாமாக உயிரை விடக்கூடாது என்று வாதிடுகிறார் சாக்ரடீஸ். வாழ்க்கையை வியாதி என்று நினைத்தவர் பேசுகிற பேச்சா இது?

இனி 1984-க்கு வருவோம். பாரிஸ், காலேஜ் தெ ஃபிரான்ஸ். அங்கே பேராசிரியர்களின் வகுப்புக்கு யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம், பரீட்சையும் கிடையாது பட்டமும் கிடையாது. ஃபூக்கோவின் வகுப்பில் கூட்டம் நெரியும், மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவிகள் குவிந்திருக்கும். அந்த வருஷம் உடம்பு சரியில்லாததால் வழக்கம்போல் ஜனவரி தொடக்கத்தில் அவரால் ஆரம்பிக்க முடியவில்லை. பிப்ரவரி முதல் நாள்தான் தொடங்கினார். எடுத்துக்கொண்ட விஷயம் 'பரேசியா' என்ற கிரேக்கச் சொல். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்பது அதன் நேர்ப்பொருள். ஆபத்து வரும் என்று தெரிந்தும் உள்ளதை உள்ளபடி சொல்லும் துணிச்சல். சிறைகளைப் பற்றியும் மனநலக் காப்பகங்களைப் பற்றியும் எழுதிய மனிதர் கடைசி வருஷங்களில் கிரேக்கத்துக்கு ஏன் போனார் என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். அவர் பழம்பெருமை பேசப் போகவில்லை. உண்மையைச் சொல்பவன் அதைச் சொல்ல எப்படிப்பட்டவனாக வாழவேண்டும் என்ற கேள்வியைத் தேடிப் போனார்.

பிப்ரவரி 15-ஆம் தேதி வகுப்பில் அந்தச் சேவலை எடுத்தார். புராணங்களை ஒப்பிட்டு ஆராய்ந்த முதுபெரும் அறிஞர் ழார்ழ் துமெசில் அதைப் பற்றி எழுதியிருந்தார். ஃபூக்கோ அவர் வழியைப் பிடித்துக்கொண்டார். துமெசிலின் துப்பு கிரிட்டோவிடம் இருந்தது. சேவலைப் பற்றிச் சாக்ரடீஸ் ஏன் குறிப்பாக அவரை அழைத்துச் சொல்லவேண்டும்? சில நாட்களுக்கு முன் இதே கிரிட்டோ விடியற்காலையில் சிறைக்கு வந்து, பணம் தயார், ஆள் தயார், தப்பித்துவிடலாம் என்று மன்றாடினார். உங்களைக் காப்பாற்றாமல் விட்டோம் என்று ஊர் என்னைப் பேசாதா என்பது அவர் வாதங்களில் ஒன்று. அதற்குச் சாக்ரடீஸ் சொன்ன பதிலைப் பாருங்கள். உடற்பயிற்சி செய்பவன் மருத்துவன் பேச்சைக் கேட்காமல் கண்டவன் பேச்சைக் கேட்டால் உடம்பு கெடும். அதுபோல, நல்லது கெட்டது தெரிந்தவனை விட்டுவிட்டு ஊர் வாயைக் கேட்டால் உள்ளே இருக்கிற ஒன்று கெடும். கெட்ட உடம்போடு வாழ முடியாதென்றால், அது கெட்ட பிறகு வாழ முடியுமா?

நோய் இங்கே இருக்கிறது என்றார்கள் துமெசிலும் ஃபூக்கோவும். ஆராயாமல் ஒட்டிக்கொள்கிற தவறான கருத்துதான் நோய். பேசிப் பேசி அதைத் தீர்ப்பதுதான் வைத்தியம். 'ஃபைடோ'விலேயே இதற்குச் சாட்சி உண்டு. நண்பர்கள் இருவரின் எதிர்வாதத்தில் எல்லோரும் கலங்கிப்போனபோது சாக்ரடீஸ் எங்களை எவ்வளவு நன்றாகக் குணப்படுத்தினார் என்று கதை சொல்பவர் வியக்கிறார். குணப்படுத்தினார் என்பது மருத்துவனுக்கு உரிய வினைச்சொல்.

இப்போது என்னை மிகவும் தொட்ட இடம். சாக்ரடீஸ் 'கடன்பட்டிருக்கிறேன்' என்று சொல்லவில்லை. 'கடன்பட்டிருக்கிறோம்' என்றார். நோய் கிரிட்டோவுடையது என்றால் கடனில் சாக்ரடீஸ் எப்படிச் சேர்ந்தார்? நட்பில் ஒருவர் பிழை மற்றவரையும் பாதிக்கிறது, அந்த விடிகாலையில் கிரிட்டோவின் வாதம் ஜெயித்திருந்தால் சாக்ரடீஸும் அதே நோயில் விழுந்திருப்பார் என்ற பக்கமாகப் போகிறது ஃபூக்கோவின் விளக்கம். தமிழில் படிப்பவருக்கு இங்கே இன்னொரு வேலை இருக்கிறது. கிரேக்கத்தில் 'நாம்', 'நாங்கள்' என்ற பிரிவு கிடையாது, ஒரே பன்மைதான். தமிழில் மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும். நாங்கள் என்று போட்டால் கேட்கிற கிரிட்டோ வெளியே நிற்கிறார். நாம் என்று போட்டால் படுத்திருப்பவரும் பக்கத்தில் அழுபவரும் ஒரே கடனுக்குள் வந்துவிடுகிறார்கள். ஃபூக்கோ பல நிமிஷம் வாதிட்டு நிறுவியதை நம் மொழி ஒரே எழுத்துக்கூட்டில் கேட்டுவிடுகிறது. நான் நாம் என்றுதான் போடுவேன்.

நோய், மருத்துவம் என்ற இழை அந்தக் கோப்பைக்குள்ளும் இருக்கிறது. பிளேட்டோ நஞ்சைக் குறிக்க எழுதிய சொல் 'ஃபார்மகோன்'. மருந்துக்கும் அதே சொல்தான். பூச்சியைக் கொல்கிற விஷத்தை நாமும் பூச்சிமருந்து என்றுதானே சொல்கிறோம். 1968-இல் பிரெஞ்சுத் தத்துவவாதி ழாக் தெரிதா இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நீண்ட கட்டுரையே எழுதினார். அது தனியாக ஒரு உரைக்குரிய விஷயம்.

சரி, துமெசில், ஃபூக்கோ சொல்வதில் உறுத்தல் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. கோப்பை வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கிரிட்டோ கேட்கிறார்: "உங்களை எப்படிப் புதைக்க வேண்டும்?" சாக்ரடீஸ் சிரித்துக்கொண்டு, இவ்வளவு நேரம் பேசியும் இந்தப் பிணம்தான் நான் என்று கிரிட்டோ நினைக்கிறாரே என்கிறார். அப்படியானால் கிரிட்டோ எங்கே குணமானார்? ஒரு தப்பெண்ணம் போய் அடுத்த தப்பெண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன். அந்த வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்குத் திரும்பினால்தான் கொஞ்சம் தெளிகிறது. அசட்டையாக இருந்துவிடாதீர்கள். கிரேக்கத்தில் அதற்கு எதிர்ச்சொல் 'எபிமெலெயா', அக்கறையாகப் பேணுவது. நீதிமன்றத்தில் ஏதென்ஸ்காரர்களைப் பார்த்து, காசிலும் பேரிலும் அக்கறைப்படுகிறீர்களே, உண்மையிலும் உங்கள் ஆன்மாவிலும் அக்கறைப்படமாட்டீர்களா என்று சாக்ரடீஸ் கேட்டது இதே சொல்லால். சிறையில் அந்தக் கடைசி நாள் மாலை கிரிட்டோ, நாங்கள் உங்களுக்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்டபோது, எப்போதும் சொல்வதுதான், உங்களைப் பேணிக்கொள்ளுங்கள் என்று பதில் சொன்னதும் அதே சொல்லால். ஒருமுறை குணமாகி முடிந்துபோகிற நோயாக அவர் இதை நினைக்கவில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதைப் போல நாள்தோறும் செய்கிற வேலை அது. கிரிட்டோ பாதி குணமானவர். அந்த மட்டுக்கும் கடன் உண்மையானதுதான்.

மூன்றாவதாகவும் ஒரு வாசிப்பு உண்டு. அன்று சிறையில் யார் யார் இருந்தார்கள் என்று பட்டியல் போடும்போது, "பிளேட்டோ உடம்பு சரியில்லாமல் இருந்தார் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வரி வருகிறது. எழுதியவர் பிளேட்டோவேதான். 1993-இல் கிளென் மோஸ்ட் என்ற அறிஞர் இதைப் பிடித்தார். தீர்ந்த நோய் பிளேட்டோவுடையது, சாகிறவர் அதை உணர்ந்து சேவல் சொன்னார் என்பது அவர் கட்சி. முழுக்க ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும், குருவின் கடைசி நாளில் பக்கத்தில் இல்லாமல் போன ஒரு மாணவன் தன் பெயரை அந்த வரியில் எப்படி எழுதியிருப்பான் என்று நினைத்தால் மனசு கனக்கிறது.

சாக்ரடீஸைப் பற்றிய வகுப்புகளை முடிக்கையில் ஃபூக்கோ, தத்துவம் சொல்லிக்கொடுப்பவன் வாழ்நாளில் ஒரு தடவையாவது சாக்ரடீஸின் சாவைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும், நான் பேசிவிட்டேன் என்றார். மார்ச் 28-ஆம் தேதி கடைசி வகுப்பு. சொல்ல இன்னும் இருந்தது. ஆனால் நேரமாகிவிட்டது, நன்றி என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். ஜூன் 25-ஆம் தேதி பாரிஸ் மருத்துவமனையில் காலமானார். வயது 57.

சிறை அறையில், சேவலைக் கொடுத்துவிடுகிறோம், வேறு ஏதாவது சொல்லவேண்டுமா என்று கிரிட்டோ கேட்கிறார். பதில் இல்லை. உடம்பு ஒருமுறை அசைகிறது. ஆள் வந்து துணியை விலக்கிப் பார்க்கிறான், கண் நிலைகுத்தியிருக்கிறது. வாயையும் கண்களையும் கிரிட்டோ மூடிவிடுகிறார். சேவலைக் கொண்டுபோய்க் கொடுத்தார்களா என்று பிளேட்டோ எழுதவில்லை.

வணக்கம்.