வேலை போனதை வெளியே சொல்லுங்கள்

வணக்கம். வேலை இல்லாத காலத்தில் பணத்தைச் சமாளிப்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பேசுகிறேன், ஆனால் நான் எங்கே ஆரம்பிப்பேன் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: வேலை போனால் வெளியே சொல்லுங்கள், முதல் வாரமே சொல்லுங்கள்.

நம்மில் பலர் என்ன செய்கிறோம்? வழக்கம்போல் தேய்த்த சட்டையைப் போட்டு, பையை மாட்டிக்கொண்டு, அதே நேரத்துக்குக் கிளம்பிவிடுகிறோம். வீட்டுக்குத் தெரியாதவரை வீட்டுச் செலவு குறையாது, பாருங்கள். சம்பளம் வந்த நாளில் போட்ட கணக்கிலேயே குடும்பம் ஓடும், நண்பர்களோடு போனால் பில்லுக்கு முதலில் கை நீட்டுவதும் நாமாகத்தான் இருக்கும். மறைப்பதற்கே ஒரு செலவு ஆகிறது! அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அதைவிடப் பெரிய நஷ்டம் வேறு. மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், வேலை மாறியவர்களிடம் யார் மூலம் கிடைத்தது என்று விசாரித்து 1973-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை பிடித்தவர்களில், அந்த ஆளை அடிக்கடி பார்த்துவந்தவர்கள் சுமார் 17 சதவீதம்தான். ஏறக்குறைய 28 சதவீதம் பேருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்தாலே அதிகம் என்கிற அளவுப் பழக்கம். யோசித்தால் நியாயம்தான். நெருங்கிய நண்பனுக்குத் தெரிந்த இடமெல்லாம் நமக்கும் தெரியும். பழைய ஆபீஸில் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் இப்போது வேறு உலகத்தில் இருக்கிறார், அங்கே காலியாகும் இடம் அவர் காதில்தான் விழும். அவருக்கு நாம் சொல்லவே இல்லையென்றால்?

சொல்லும்போது "ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். அவர் எதை ஞாபகம் வைத்துக்கொள்வார்? "கணக்குப் பிரிவில் எட்டு வருஷம் இருந்தேன், போன வாரம் ஆள்குறைப்பில் வெளியே வந்துவிட்டேன், உங்கள் பக்கம் அந்த வேலைக்கு ஆள் தேடினால் என் பெயரைச் சொல்லுங்கள்." இவ்வளவு போதும். கெஞ்ச வேண்டாம், கதையும் வேண்டாம்.

சரி, பணம். கம்பெனி கடைசியாக மொத்தமாகக் கொடுக்கும் தொகையைப் பார்த்ததும் கை நீளும். அதைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு, மாதம் ஒரு தேதியில் உங்களுக்கு நீங்களே குறைந்த சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். கையிருப்பை ஒரு மாதத்தின் தவிர்க்க முடியாத செலவால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்பது வந்துவிடும். அந்த எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். (மறுபடியும் சொல்வதைப் பற்றியே பேசுகிறேன், என்ன செய்ய!) பேப்பரை நிறுத்துவதற்கு முன்னால், மாதாமாதம் தானாகவே கணக்கிலிருந்து கழியும் சந்தாக்களைப் பாருங்கள். அப்புறம், கம்பெனி தந்த மருத்துவக் காப்பீடு பல இடங்களில் வேலையோடு சேர்ந்தே போய்விடும். கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், இன்னும் ஒரு நிமிடம்தானாம். கடனுக்குத்தான் பாதி நேரம் ஒதுக்கியிருந்தேன்! தவணை தவறுவதற்கு முன்பே வங்கியிடம் பேசுங்கள், தவறிய பிறகு பேச்சு வேறு மாதிரி இருக்கும். கிரெடிட் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் பெரும்பகுதி வட்டிக்கே போகும், அசல் அசையாது. வேலை தருகிறேன், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று யாராவது கூப்பிட்டால் போனை வைத்துவிடுங்கள். நேரம் முடிந்துவிட்டது, வணக்கம்.